காலைக் கிளினிக்

செவ்வாய்க்கிழமை. மாங்குளம்.
ஏழரைக்குள் கரண்ட் ஒருதரம் போய் வந்துவிட்டது.
புதுத் திரை நீலமாய் விழித்து
என் பெயர் கேட்கிறது, கடவுச்சொல் கேட்கிறது.
மூன்று நாள் நின்று பழக்கிவிட்டுப் போன ஹசித
உடைந்த தமிழில் சொன்னான்:
"இனிக் கொப்பி தொலையாது மிஸ்."
ஓம் என்றேன்.
இங்கே கொப்பிகள் தொலைந்த விதத்தை
அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

முத்தையன்கட்டிலிருந்து முதல் பஸ்ஸில்
சுகிர்தமலர் வந்திருக்கிறாள்.
இடது மார்பு. இரண்டாம் நிலை. மூன்றாவது ஊசி.
பையில் கிளினிக் கொப்பி, பாதி பிஸ்கட்,
வாந்தி வந்தால் என்று
மடித்து வைத்த பொலித்தீன்.

உயரம் கேட்டது திரை. எடை கேட்டது.
இரண்டையும் பெருக்கி, வகுத்து, மூலம் எடுத்து
உடம்பின் பரப்பைச் சதுர மீற்றரில் சொல்லும்.
பரப்புக்குத் தக்கபடி மருந்து.
வயலுக்கு உரம் அளக்கிற மாதிரித்தான் என்றேன்.
"அப்ப எனக்கு எத்தினை அந்தர்?" சிரித்தாள்.

தராசில் ஏறினாள். ஐம்பது தசம் இரண்டு.
இறங்கப் போனவள் நின்று கேட்டாள்:
"மிஸ்ஸி, காலோடயா? கால் இல்லாமலா?"

வலது முழங்காலுக்குக் கீழே
பதினைந்து வருசத்தில் இது நாலாவதாம்.
முந்தினதைவிடப் பாரம் குறைவாம்.

பழைய கொப்பியைப் புரட்டினேன்.
போனமுறை காலோடு எழுதியிருக்கிறது.
அதற்கு முந்தின முறை காலில்லாமல்.
அந்தப் பக்கத்து ஓரத்தில் யாரோ
பென்சிலால் சின்னதாய் ஒரு கால் கீறி
மேலே கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

திரையில் ஓரம் இல்லை.

ஒற்றைக்காலில் நின்றால் சுவரைப் பிடிக்கிறாள்,
சுவர் பாதி எடையைத் தாங்கிக்கொள்கிறது.
கடைசியில் காலை மட்டும் தராசில் வைத்தேன்.
இரண்டு தசம் ஆறு.
"செருப்பும் சேர்த்து" என்றாள்,
கடைக் கணக்குப் பிழைத்தவள் போல.
செருப்பு இருக்கட்டும்.

நாற்பத்தேழு தசம் ஆறு என்று அடித்தேன்.
சிவப்பாய் எழும்பியது:
ஐந்து வீதத்துக்கு மேல் எடை இறங்கியுள்ளது,
நோயாளி மெலிகிறாரா?
ஆம். இல்லை.
"மெலியேல்லை, கழட்டினது எண்டு போடுங்கோ."
அப்படி ஒரு விடை அதில் இல்லை.

டொக்டர் தமயந்திக்குப் போன் எடுத்தேன்.
இல்லாத கீழ்க்காலுக்கும் பரப்பு உண்டு,
அதையும் கழிக்க வேண்டும் என்றா.
கழித்த கணக்கைத் தாளில் போட்டு
மருந்தைக் குறைத்து அடித்தால்
மாற்றியதற்குக் காரணம் கேட்கிறது:
சிறுநீரகம். ஈரல். வயது. ஏனையவை.
ஏனையவை.
வலது கால் இல்லை என்று எழுதினேன்.
எந்தத் திகதியிலிருந்து?

"மாசி மாசம்" என்றாள்.
நாள்?
"அப்ப ஆர் மிஸ்ஸி நாள் பாத்தது."

நாள் இல்லாமல் அந்தப் பெட்டி மூடாது.
ஒன்று என்று போட்டேன்.
போன கிழமையும் ஒருவருக்கு ஒன்றுதான் போட்டேன்,
மல்லாவியிலிருந்து வந்த மனிதருக்கு,
தொண்டைப் புற்று, ஒரு கண்ணும் இல்லை.
அதற்கு முன்பும் சிலருக்கு.
எப்போதாவது ஒருவர் ஆய்வுக்கென்று வந்து
இந்தத் தரவையெல்லாம் வரிசையாய் அடுக்கிப் பார்த்து
அந்த மாதத்தின் முதலாம் திகதி மட்டும்
இங்கே என்ன நடந்தது என்று கேட்கக்கூடும்.
ஒன்றுமில்லை.
அன்றைக்கு நடந்ததாய் எனக்கு எதுவும் தெரியாது.

பத்தே காலுக்கு ஊசி ஏறத் தொடங்கியது.
சிவப்பு மருந்து, சொட்டுச் சொட்டாய்.
மூன்றாம் சொட்டிலேயே கண்ணை மூடிவிட்டாள்.
காலைத் திருப்பி மாட்டவில்லை, அரிக்கிறதாம்.
அது கட்டிலுக்குக் கீழே நிற்கிறது,
செருப்போடு,
வாசல் பக்கம் பார்த்தபடி.