கண்

அம்பத்தூர் எஸ்டேட், மூன்றாவது மெயின் ரோடு.
நாற்பது டன் பவர் பிரஸ் இரண்டு,
இருபது டன் ஒன்று,
ஆள் ஒன்பது பேர்.
முதலாளி சாமி கும்பிடாதவன் என்று
டீக்கடை வரை தெரியும்.

என் கல்யாணம் ராகு காலத்தில் நடந்தது,
வேண்டுமென்றே.
மைக் பிடித்தவர் நாற்பது நிமிடம் பேசினார்.
மாலை வாடிவிட்டது.
அதுவும் ஒரு சடங்குதான் என்று
அப்போது தோன்றவில்லை.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு
வாசலில் பூசணி உடைக்க வேண்டாம் என்றேன்.
காரணமும் சொன்னேன்:
பாடி மேம்பால இறக்கத்தில்
பூசணிச் சதையில் வழுக்கி விழுந்த கூரியர் பையன்,
தொடையெலும்பு, உள்ளே கம்பி, ஆறு மாசம் படுக்கை.
ஒன்பது பேரும் தலையாட்டினார்கள்.
சம்பளம் கொடுக்கிறவன் பேசினால்
எந்த வாதமும் ஜெயிக்கும்.

ஜனவரி பத்தொன்பது, மதியம் மூன்றே கால்.
இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில்
ஏகவல்லியின் வலது கை.
ஆள்காட்டி விரல், நடு விரல்.

யாரும் பூசணி என்று சொல்லவில்லை.
சொல்லாததுதான் சத்தமாகக் கேட்டது.

என்னிடம் பதில் இருந்தது:
உடைத்த வருஷம்தானே குமரவேலுக்கு நகம் போனது?
உடைக்காத பக்கத்துக் கம்பெனியில்
பத்து வருஷமாக ஒரு கீறல் உண்டா?
ஒரு வருஷத்தை வைத்துக் கணக்குப் போட முடியுமா?
அயனாவரம் இ.எஸ்.ஐ. வராந்தாவில்
இதையெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்,
பினாயில் வாசனைக்கு நடுவே.

அவள் புருஷன் சுகிர்தராஜ் வந்து
பக்கத்தில் உட்கார்ந்தார்.
"அந்த மெஷினுக்குக் கண்ணுன்னு ஒண்ணு உண்டாமே, சார்.
கை உள்ள இருந்தா இறங்காதாம்."

உண்டு.
சென்சாரின் கொட்டேஷன்
என் மேஜை இழுப்பறையில் இருந்தது,
இரண்டு வருஷமாக.
முப்பத்தெட்டாயிரம், ஜி.எஸ்.டி. தனி.
பூசணி நூற்றிருபது ரூபாய்.
நூற்றிருபதை மறுக்கிற அளவுக்கு
எனக்கு அறிவு இருந்தது.

மூன்று பிரஸ்ஸுக்கும் கண் வைத்தேன், கடன் வாங்கி.
ஏகவல்லி திரும்பி வந்தாள், ஸ்டோருக்கு.
இடது கையால் எழுதப் பழகினாள்;
அவளுடைய ஏழும் ஒன்றும் இன்னும் ஒரே மாதிரிதான்.

இந்த வருஷம், பூஜைக்கு முந்தின நாள்,
கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள்.
"ஒரே ஒரு பூசணி, சார்.
காம்பவுண்டுக்குள்ளயே. நானே அள்ளிடறேன்."

"அதனால என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. தெரியும்.
பயம் இருக்கு இல்ல, அதை எங்கயாவது வெக்கணும்.
அவர் சர்ச்சுல வெச்சுட்டார்.
நீங்க எங்க சார் வெச்சீங்க?"

நான் இழுப்பறையைப் பார்த்தேன்.
பிறகு நூற்றிருபது எடுத்துக் கொடுத்தேன்.

உடைத்தார்கள். நான் கேட் பக்கமே நின்றேன்,
நாற்பது வருஷப் பழக்கம்.
குங்குமம் தோய்ந்த சில்லறையைப் பொறுக்க
வாட்ச்மேன் பிள்ளைகள் பாய்ந்தார்கள்.
ஏகவல்லி முறத்தோடு குனிந்து
ஒரு விதை விடாமல் அள்ளினாள்,
எட்டு விரல்களால்.

மறுநாள் காலை
இரண்டாம் நம்பர் ஓடவில்லை.
சிவப்பு விளக்கு. பியூஸ் பார்த்தோம், ஒயர் பார்த்தோம்.
பத்தரைக்குக் குமரவேல்தான் கண்டுபிடித்தான்:
சென்சாரின் கண்மேலேயே
வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

யார் வைத்தது என்று கேட்டேன்.
ஏகவல்லி ரிஜிஸ்டரில்
ஏழா ஒன்றா என்று தெரியாத ஒரு எண்ணை
ரொம்பக் கவனமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

கண்ணை மறைத்தால் நின்றுவிடும்படி
அதைச் செய்திருக்கிறார்கள்.
என்னை அப்படிச் செய்யவில்லை.

பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். பச்சை.
சாயங்காலம் நோட்டீஸ் போர்டில்
பாதுகாப்பு விதிகளுக்குக் கீழே, பதினொன்றாவதாக,
என் கையெழுத்தில் சேர்த்தேன்:
பொட்டு, கண்ணிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி,
சட்டத்தின் மேல் வைக்கவும்.