பத்து கிலோ

தராசில் இன்று ஒன்பது கிலோ எழுநூறு.
ஈரக் கையுறையோடு ஏற்றினால் சரியாகிவிடும்
என்கிறாள் செவிலி இர்மெலி.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வெய்க்கா சிரிக்கிறான்.
பதினேழு மாதம். இரண்டு சிறுநீரகமும் எடுத்தாயிற்று.
இரவுதோறும் வயிற்றில் குழாய்,
இயந்திரம் மூச்சிழுக்கும் சத்தத்தில்தான் தூக்கம்.

பத்து வந்தால்தான் கத்தி.
குறைந்தால் அப்பாவின் சிறுநீரகத்துக்கு
அந்த வயிற்றில் இடமில்லை.

முதல் வருடம் கணக்குக் கற்றேன்:
எத்தனை மில்லி உள்ளே, எத்தனை மில்லி வெளியே.
இரண்டாம் வருடம்
தாய்மார் அழும்போது பேசாதிருக்கக் கற்றேன்;
அது கடினம்.
மூன்றாம் வருடம் ஆராய்ச்சி.

ஹெல்சின்கியில் நவம்பருக்குப் பகல் கிடையாது,
நிலவறையிலிருந்தால் என்ன, மேலிருந்தால் என்ன.
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
யாரோ பென்சிலால் வரைந்த வளர்ச்சிக் கோடுகள்,
ஒன்றின்மேல் காப்பிக் கோப்பையின் வளையம்.

அறுபத்தெட்டாவது கோப்பு:
பதினாறு வயதில் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.
சிறுநீரகம் போயிற்று.
காரணம் என்ற இடத்தில் சாய்ந்த கையெழுத்து:
'முகம் உப்பிப்போகிறது, படம் எடுக்கப் பிடிக்கவில்லை.'
கணினி அதை வாங்க மறுத்தது. எண் கேட்டது.
ஒன்பது என்று அடித்தேன்.
ஒன்பது என்றால் 'மற்றவை'.

யோர்மா, கயானியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர்,
கதவில் குனிந்து நுழைகிற உயரம்,
தொப்பியைக் கையில் திருகியபடி கேட்டார்:
என்னுடையது ரொம்பப் பெரிசாச்சே டாக்டர்,
உள்ளே போனதும் சின்னதாகுமா?

ஆகாது.
பெரிய ஆளுக்கான தண்ணீரைக் கேட்கும்,
பெரிய ஆளுக்கான இரத்தத்தைக் கேட்கும்.
இரவிலும் குழாய்வழி குடிக்க வைப்போம்.
இவன்தான் அதைச் சுற்றி வளரவேண்டும்.

வெகுநேரம் யோசித்தார்.
வீட்டிலும் அப்படித்தான், என்றார்,
என்னைச் சுற்றித்தான் எல்லாரும் போகவேண்டும்.

மார்ச் பதினொன்று. பத்து கிலோ நாற்பது கிராம்.
நான் ஓரத்தில், படிக்கட்டுப் பலகைமேல் நின்றேன்.
கவ்வியை எடுத்தார்கள்.
கழுவிய கல்லின் நிறத்திலிருந்தது
மெல்ல, திட்டுத்திட்டாக, சிவந்தது.
பிறகு காத்திருப்பு.
எட்டாம் நிமிடம் ஒரு சொட்டு மூத்திரம்.
இங்கே கைதட்டும் வழக்கமில்லை.
முகமூடிக்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்.

அன்றிரவே இருநூற்றுப் பதின்மூன்றாவது வரிசை திறந்தேன்.
எடை. இரத்த வகை. குளிரில் இருந்த நிமிடங்கள்.
பத்தாம் ஆண்டு: காலி.
கடைசியில் ஒரு கட்டம் நானே சேர்த்தேன்,
எண் கேட்காத கட்டம்.
பேராசிரியர் பார்த்தால் எடுக்கச் சொல்வார்.
அதில் எழுதினேன்:
'பெரிசோ என்று அப்பா பயந்தார்.'

மூன்றாம் நாள்
தையலைப் பிடித்துக்கொண்டு, முக்கால் வளைந்து,
மருந்துக் கம்பத்தை உருட்டிவந்தார் யோர்மா.
குடித்தானா?
குடித்தான்.
எவ்வளவு?
சொன்னேன்.
தலையாட்டிவிட்டு மேசைமேல் இருந்த குவளையை எடுத்து
நின்றபடியே முழுதும் குடித்தார்,
அவருக்குத் தாகமில்லை.