எங்கே தள்ளுவது

ராத்திரி பதினொன்றுக்கு மலை ஒருதரம் செருமியது.
விடிந்து பார்த்தால்
மேட்டு லயத்துப் பாதையின் நடுவில்
ஏழு தேயிலைச் செடி நிமிர்ந்தபடி நிற்கின்றன,
யாரோ இரவோடு நட்டுவிட்டுப் போனது போல.

"ஜெபநேசன், மெசினை எடு.
முதல்ல வங்களா ரோடு" என்றார் கணக்கப்பிள்ளை.
வங்களா ரோட்டில் கிடந்தது
இரண்டு சைப்ரஸ் கிளை, ஒரு கூடை சேறு.
பத்து நிமிடம்.
துரை ஜன்னலில் கோப்பையோடு நின்று
கட்டைவிரலை உயர்த்தினார்.
நானும் உயர்த்தினேன், அது மரியாதையா என்று தெரியாமல்.

ட்ராக்டருக்குப் பின்னால் பூட்டியிருக்கும் தகடு
ஸ்டோரில் கழித்துப் போட்ட தண்ணீர்த் தாங்கியின் வயிறு.
கீழ் விளிம்புக்கு லொறியின் வில்.
மஸ்கெலியாவில் நூர்தீன் பாஸ் ஒட்டித் தந்தார்:
"மண்ணுக்கு நிக்கும். கல்லுக்கு நான் பொறுப்பில்ல."
பின்தகடு என்பதால் பின்னோக்கியே தள்ள வேண்டும்,
கழுத்தை முறித்துக்கொண்டு.
பூசையில்கூட என் தலை இடப்பக்கம் திரும்பியிருப்பதாகப்
பாதர் சிரிப்பார்.

மேலே ஏறினேன்.
தகட்டை இறக்கினேன்.
மண் கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது,
வேரும் சரளையும்
யாரோ காயப்போட்ட ஒரு பாவாடையுமாக.

அப்போதுதான்:
எங்கே தள்ளுவது?

இடப்பக்கம் பள்ளம்.
பள்ளத்தில் பணிய லயத்துக் கூரைத் தகரங்கள்,
பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்,
கல்லுக்குக் கீழே இன்னும் எழும்பாத பிள்ளைகள்.
வலப்பக்கம் மலையேதான்.
முன்னால் கான்; கானை அடைத்தால்
நாளைக்கு இதே மலை இதே வழியில் மறுபடி வரும்.
மிச்சம் இருப்பது பவளக்கொடியின் லீக்ஸ் பாத்தி,
ஒன்பது வரி, மார்கழி விலைக்குக் காத்திருப்பது.

ஒன்டாரியோவில் என் மச்சான் ரொசாரியோவுக்கும் இதே வேலைதான்.
அவன் ட்ராக்டருக்குக் கண்ணாடி அறை, உள்ளே சூடு, பாட்டு.
பண்ணை வீட்டு வாசல்களில் பனி ஒதுக்குகிறான்,
வாசலுக்கு நாற்பது டொலர்.
வீடியோவில் பனி வளைந்து பறந்து எங்கோ விழுகிறது.
"எங்க வேணும்னாலும் தள்ளு மச்சான்,
சித்திரையில ஒருத்தனுக்கும் தெரியாது."
அவன் தள்ளியது உருகிவிடும்.
நான் தள்ளியது போட்ட இடத்தில் கிடக்கும்,
புல் முளைத்து, என் பெயரோடு.

எஞ்சினை அணைத்தேன்.
பவளக்கொடி எனக்கு முன்பே பாத்தியில் நின்றாள்,
சேற்றில் முழங்கால்வரை.
"அரை மணி குடு."
மேட்டு லயமே இறங்கியது.
விரல் மொத்தம்கூட வராத லீக்ஸைப் பிடுங்கி
உர பேக்குகளில் திணித்தார்கள்.
ஒரு வரியை மட்டும் அவள் பிடுங்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

பிறகு தள்ளினேன்,
இருபத்து மூன்று தரம்.
ஏழு செடிகளும் அவள் பாத்திக்குள் போய் நின்றன,
இரண்டு மட்டும் சாய்ந்து.

கணக்கப்பிள்ளை குடையோடு வந்து எண்ணினார்.
"செடி தோட்டத்துச் சொத்து. நாளைக்கு ஆள் விட்டு எடுப்பேன்."
"அப்ப மண்ணையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.
"இல்லாட்டி அது யாருதுன்னு எழுதிக் குடுங்க."
அவர் குடையை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.
மழை பெய்யவில்லை.

ராத்திரி ரொசாரியோவுக்குப் படம் அனுப்பினேன்.
"வாசலுக்கு எவ்வளவு?" என்று கேட்டான்.
மட்கார்டில் யாரோ வைத்துவிட்டுப் போன
லீக்ஸ் கட்டைப் படமெடுத்து அனுப்பினேன்.
பார்த்துவிட்டான். பதில் இல்லை.
அங்கே கொட்டிக்கொண்டிருந்திருக்கும்.

இன்றைக்குப் பதினாறு நாள்.
ஆள் வரவில்லை.
செடிகள் வேர் பிடித்துக் கொழுந்து விட்டிருக்கின்றன.
பவளக்கொடி பீலிக்குப் போகிற வழியில்
ஒரு கை கிள்ளி மடியில் போட்டுக்கொள்கிறாள்.

அந்த வளைவில் மட்டும்
நான் நேராகப் பார்த்து ஓட்டுகிறேன்.
கழுத்து வலிதான், வேறொன்றுமில்லை.