பதினாறுக்குக் கொஞ்சம் மேலே

பின்சில்லு பத்துத் தரம் உருண்டால்
முன்சில்லு பதினாறு தரம்.
றெஸ் தன் கொட்டில் சீமெந்தில்
வெண்கட்டியால் கோடு போட்டு
ட்ரக்டரைத் தோளால் தள்ளித் தள்ளி எண்ணிய கணக்கு.
ரயரில் காற்று மாறினால் அதுவும் மாறும்.

அதற்கும் கொஞ்சம் மேலே வை என்றேன்.
முன்னது ஒரு இழை முந்தவேண்டும்,
இல்லாவிட்டால் பின்னது தள்ள
முன்னது சும்மா சவாரி போகும்.
நூற்றுக்கு மூன்று போதும். மிஞ்சினால்
ரயர் தேயும், தண்டு முறுகும்.

அச்சு,
ட்ரூப் பக்கம் பனியில் உருண்டுபோன
இத்தாலிக்கார ட்ரக்டரினது.
நடுப்பெட்டி பழைய இராணுவ லொறியினது.
விலை ஒரு கன்றுக்குட்டி, இரண்டு நாள் விறகு.
புதுசுக்குக் கடன் தரவேண்டிய வங்கி
முதலில் சரிவைப் பார்த்தது,
பிறகு றெஸ்ஸைப் பார்த்தது.

லங்னவ்வில் பகலெல்லாம் நான் கடைவது
பால் இயந்திரங்களுக்கான தண்டுகள்.
ஆறு மணிக்குப் பிறகு
மேற்பார்வையாளர் கெர்பர்
மழையங்கியை மாட்டுவதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்ள,
முப்பத்தொரு பல்லுச் சில்லொன்றை வெட்டினேன்.
உருக்கு நீலமாய்ச் சுருண்டு
என் சப்பாத்துக்குள் விழுந்தது.

மார்ச் பதினொன்று, சனி.
கிளட்சை விட்டான்.
பின்சில்லு முன்னே.
முன்சில்லு பின்னே.
நின்ற இடத்திலேயே நின்று
கூரைத் தகரமெல்லாம் அதிர உறுமி
செத்தது.
கதவடியில் பால் வாளியோடு லீஸ்பெத்,
"எங்களைப்போல" என்றாள்.
எவரும் சிரிக்கவில்லை.
விழாத திருகாணி ஒன்றைத் தேடி
நான் நிலத்தில் குனிந்தேன்.

அச்சைத் தலைகீழாய்ப் புரட்டுவதுதான் வழி.
புரட்டினோம், இரண்டு சனி.
இப்போது ஒயில் ஊற்றும் வாய் அடியில்.
மேலே புதுத்துளை போட்டேன்,
தூள் உள்ளே விழாமலிருக்க
துளையூசிக்குக் கிறீஸ் பூசி,
நாலு சுற்றுக்கு ஒருதரம் துடைத்து.

ஏப்ரலில்
சாணித்தண்ணீர்த் தாங்கியை இழுத்துக்கொண்டு
ஈரப்புல்லில் ஏறியது.
பாதியில் மூக்குக் கொஞ்சம் தாழ்ந்தது,
மண்ணை மோந்து பார்ப்பதுபோல.
மேலே வேலிக்கரையில் லீஸ்பெத் கையசைத்தாள்.
வா என்றாளா, நில் என்றாளா,
கீழே நின்ற எனக்குத் தெரியவில்லை.
றெஸ் நிறுத்தவில்லை.

தார் றோட்டில் முன்சில்லை விடுவித்துவிடவேண்டும்.
அதற்கொரு நெம்புகோல், அதன் அடியில் பித்தளைத் தகடு.
கைப்பழக்கம்,
தமிழில் வெட்டிவிட்டேன்:
மேலே சேறு. கீழே தார்.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி
குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார்.
"எந்தக் கம்பனி?"
"சின்னக் கம்பனி" என்றான் றெஸ்.
உற்பத்தியாளர் என்ற கட்டத்துக்குள்
நாக்கைக் கடித்தபடி, எழுத்தெழுத்தாய்,
அவர் வரைந்தார்: சேறு.

கொம்பு மட்டும்
பின்பக்கம் பார்த்தது.