மூச்சு விடவில்லை

குட்டாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டிய அறையில்
பதினோரு வருடமாகக் கண் பார்க்கிறேன்.
விளக்கைப் பிடித்துக் குனிந்தால்
என் வாய்க்கும் நோயாளியின் கன்னத்துக்கும் நடுவில்
வெங்காயச் சருகு நுழையும் இடம்தான்.

அந்த இடத்தில்
எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள்.
லாரி ஓட்டுகிறவர், கணக்கு ஆசிரியை,
ஒருமுறை பாதிரியார்கூட.
வெளிச்சத்துக்குப் பயம் என்று நினைத்தேன்.
நல்ல நாட்களில், மரியாதை என்றும்.

சொட்டு மருந்து விடும் லாமாரா
தினமும் என் மேஜையில் ஒரு புதினா மிட்டாய் வைப்பாள்.
பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.
மிட்டாயையும்தான்.

பிறகு முகக்கவச வருடம் வந்தது.
நானும் என் வாயும்
முதல்முறையாக ஒரே துணிக்குள்.
மீன் கழுவிய வாளியை
யாரோ வெயிலில் மறந்துவிட்டதுபோல இருந்தது.
சுற்றிலும் பார்த்தேன்.
யாரும் இல்லை.
மணிக்கட்டை நக்கி, காயவிட்டு, முகர்ந்தேன்.

ஆக, மக்வாலா,
பதினோரு வருடம்
ஊரே உன் எதிரில் மூச்சை அடக்கியிருக்கிறது.
ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

பல் மருத்துவர் த்சியாலா சிரிக்கவில்லை.
காலையில் என்ன சாப்பிடுகிறாய்?
காபி.
மதியம்?
காபி. பால்கனியில் ஒரு சிகரெட்.
தண்ணீர்?
செடிகளுக்கு ஊற்றுவேன்.

கண்ணாடியைக் கொடுத்து நாக்கை நீட்டச் சொன்னாள்.
விழித்திரையில் நூலளவு கசிவைக் கண்டுபிடிக்கிறவள்
சொந்த நாக்கின் பின்பாதியைப் பார்த்ததே இல்லை.
ஈரச் சுவரில் பூத்த உப்புபோல வெள்ளை.
கடைவாயில் ஒரு பழைய உறை தளர்ந்து,
அதன் அடியில்
எந்த விருந்தில் தின்றதோ, ஆட்டிறைச்சி நார்.
பூண்டின்மேல் பழி போடலாம் என்றுதான் போயிருந்தேன்.
பூண்டு ஒருநாள் விருந்தாளி, என்றாள்.
இது குடித்தனமே நடத்துகிறது.

இப்போது இரவில் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே
நூல் விட்டுக்கொண்டு நிற்கிறேன்.
முதல் வாரம் ரத்தம் வந்தது.
வரும் என்றிருந்தாள், நிறுத்தவில்லை.
காலையில் நாக்கு வழிப்பான், பின்னாலிருந்து முன்னால்,
குமட்டுகிற இடம் வரைக்கும்.
ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, பிறகுதான் காபி.
ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காருவதற்குள்
இரண்டு மிடறு தண்ணீர்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை த்சியாலாவின் நாற்காலி.
சிகரெட்டை விட்டேன் என்று எழுத ஆசை.
பாதி விட்டிருக்கிறேன்.

லாமாரா மிட்டாய் வைப்பதை
எந்த நாள் நிறுத்தினாள் என்று கவனிக்கவில்லை.

நேற்று, தேனீ வளர்க்கும் நோதார் வந்தார்.
குனிந்தேன்.
நிதானமாக, தாராளமாக
என் கன்னத்தில் மூச்சு விட்டார்.
அடக்கிக்கொண்டது நான்.

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கொஞ்சம் நின்றேன்.
மிட்டாய் டப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
கண்ணாடிச் சீட்டில்
வலது, இடது எண்களுக்குக் கீழே எழுதினேன்:
நாக்கை வழிக்கவும். பல்லிடுக்கில் நூல். தண்ணீர். த்சியாலா, இரண்டாம் மாடி.
எழுதி நீட்டுவது மட்டும் போதாது என்று பட்டது.
வாய்விட்டும் சொன்னேன்,
என் கதையையும் சேர்த்து.

அவருக்குக் காது சிவந்தது.
சீட்டைத் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார்.
"இது எந்தக் கண்ணுக்கு, டாக்டர்?"
"கண்ணுக்கு இல்லை. கிட்டே வருகிறவர்களுக்கு."

தொப்பியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார்.
திரும்பி நின்றார்.

"மூன்று குளிர்காலமாக என் மனைவி
சுவர்ப்பக்கம் பார்த்துத்தான் படுக்கிறாள்.
குறட்டை என்றுதான்
சொன்னாள்."