மெத்தென்று

ஈறு நன்றாக ஆறின பிறகுதான் பல்செட்
என்றுவிட்டார் அயனாவரம் டாக்டர்.
அதுவரை மெத்தென்று எதையாவது கொடுங்கள்.
இட்லி கொடுத்தேன். மறுபடி இட்லி.
மூன்றாம் வாரம் அவர் தட்டைத் தள்ளவில்லை,
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குச் செங்குன்றத்திலிருந்து
கொழுந்தன் குடும்பம் வருகிறது, ஐந்து பேர்.
சால்னா வைத்துவிடலாம். தொட்டுச் சாப்பிட?
பரோட்டா அவரால் ஆகாது.
பன் செய்கிறேன் என்றேன்.
கடையிலேயே கிடைக்குமே என்றாள் நிறைமதி
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.
கடை பன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
விரல் விட்டு எடுப்பார், எல்லோர் முன்னாலும்.

வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஈஸ்ட்.
குழந்தைக்கு வெந்நீர் பார்ப்பதுபோல்
முழங்கையை ஒற்றிப் பார்த்தேன்.
நுரைத்தது.
மைதா, வெண்ணெய், உப்பு.
பிசைய ஆரம்பித்தால் கடன்காரன் மாதிரி
கையை விடவில்லை மாவு.
எந்த நிமிடம் மனம் மாறியதோ, தானாக விட்டது.
காது மடல் பதம் வந்தால் போதுமாம்.
மாவுக் கையோடு என் காதைத் தொட்டுப் பார்த்தேன்.

பொங்க ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தது.
எழுதியவருக்கு வில்லிவாக்கத்து மே மாதம் தெரியாது.
மொட்டை மாடியில் துணி உலர்த்தி இறங்குவதற்குள்
மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது.

அப்போதுதான் அவர் வந்து
சமையல்கட்டு வாசலில் நின்றார்.
“என்ன வாசனை?”

எனக்கும் அந்தக் கணம்தான் உறைத்தது.
புளித்த, இனித்த,
தலைக்குப் பின்னால் போய் நிற்கிற வாசனை.
மூன்று வருடம் நான்கு மாதமாய்
இந்த வீட்டுக்குள் வராதது.
இருமல் மருந்தைக்கூட லேபிள் படித்துத்தான் வாங்குகிறேன்.
நானே பால் ஊற்றி, சர்க்கரை போட்டு,
துணியால் மூடி வளர்த்திருக்கிறேன்.

நிறைமதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.
அந்தப் பல்லெல்லாம் ஆட ஆரம்பித்தது
எந்த ராத்திரி, எந்தப் படிக்கட்டில் என்று
நாங்கள் மூவரும் பேசியதே இல்லை.

“ஈஸ்ட்டு,” என்றேன். “பன்னுக்கு.”
தலையாட்டினார். போகவில்லை.
“இப்ப இத என்ன பண்ணணும்?”
“குத்தணும். காத்தெல்லாம் போகணும்.”

கை கழுவி வந்தார்.
வெல்டிங் பொறி தெறித்த புள்ளிகள் உள்ள கை.
மடக்கி, மாவின் நடுவில்
மெதுவாக இறக்கினார்.
புஸ்ஸென்றது.
வாசனை ஒருமுறை ஓங்கி வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டவள் நான்தான்.

“செத்துடுச்சா?”
“இல்ல. திரும்ப எழும்பும்.”

இருபது உருண்டைகள்.
அவர் பிடித்தவை ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை.
தட்டில் அடுக்கி ஓவனைப் போட்டால் கரண்ட் போயிற்று.
திரும்பி வந்தபோது
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
எது யாருடையது என்று தெரியவில்லை.

ஒன்பதரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம்.
“ஓரம் கருகிடுச்சே அண்ணி” என்று சொல்லிக்கொண்டே
கொழுந்தன் ஏகாம்பரம் நான்காவதை எடுத்தார்.
இவர் நடு வரிசையில் ஒன்றைப் பிய்த்தார்.
நூல் நூலாகப் பிரிந்து ஆவி வந்தது.
அதில் இப்போது வெண்ணெய் வாசம் மட்டும்தான்,
மற்றதெல்லாம் சூட்டில் போய்விட்டது.
ஆனாலும் சால்னாவில் தோய்க்கும் முன்
ஒருதரம் முகர்ந்து பார்த்தார்.
நான் பார்த்ததையும் பார்த்தார்.
பிறகு ஈறால் மென்றார், நிதானமாக,
“இன்னொண்ணு வை.”

பாத்திரம் தேய்த்து முடிக்கையில்
மிச்ச ஈஸ்ட் பொட்டலம் மேடையிலேயே கிடந்தது.
பருப்பு டப்பாவுக்குப் பின்னால்
ஒளித்து வைக்கக் கை போனது.
நின்றேன்.
ஃபிரிட்ஜ் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில்,
பெயர் தெரிகிற மாதிரி வைத்தேன்.