நாற்பது லிட்டருக்கு முந்நூறு மில்லி

உப்பளம் என்பதையே பெயராகக் கொண்ட சலீனாஸில்
மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை
எலியுத் பானட்டைத் தூக்கி நிறுத்தினான்.
முதலில் காற்றுப் பம்ப்.
புகையைக் கழுவி அனுப்ப வேண்டுமென்று
ஜப்பானில் யாரோ யோசித்து வைத்தது.
நான்கு போல்ட். மூன்று உடனே வந்தன.
நான்காவதோடு மல்லுக்கட்டியதில்
தட்டிலிருந்த சோறும் பீன்ஸும் ஆறிப்போயின.

பிறகு வாக்குவம் குழாய்கள்.
எழுபதா எண்பதா, எண்ணுவதை விட்டுவிட்டான்.
எஞ்சின் சூட்டில் வெந்து வெந்து
தொட்டதும் அப்பளமாய் நொறுங்கின.
எலிக்கூடு என்பார்கள் இதை மெக்கானிக்குகள்.
எந்த எலியும் இவ்வளவு குழப்பமாய்க் கட்டாது.

அடுத்து, குளிர்ந்த விடியலில்
எஞ்சினை அவசரமாய்ச் சூடேற்றும் ஏற்பாடு.
இந்தத் தீவில் பனி என்றால்
ஃபிரிட்ஜின் உள்சுவர்தான்.
சிரித்துக்கொண்டே கழற்றினான்.
கழற்றிய ஒவ்வொரு வாய்க்கும்
அலுமினியத் தகட்டில் ஒரு மூடி அறுத்து அடைத்தான்.
அறுத்த விளிம்பு கட்டைவிரலையும் கொஞ்சம் கேட்டது.

வெங்காயம் உரிக்கிறவனுக்கு
ஒரு கட்டத்துக்கு மேல் கை நிற்காது.
எண்ணெய்ப் பம்பும் அப்படித்தான் வந்தது.
உள்ளங்கை அளவு. மெல்லிய நான்கு குழல்கள்.
உள்ளே சுழலும் முக்கோணங்களின் நுனிகள் தேயாமல்
சொட்டுச் சொட்டாய் ஊட்டுவது அதன் வேலை.
இதை நம்பி எவன் வண்டி ஓட்டுவான் என்றான்.
இனி அவனே பெட்ரோலில் கலந்துவிடுவான்,
நாற்பது லிட்டருக்கு முந்நூறு மில்லி.
கணக்கு மனதில் இருந்தது.
மனதில் மட்டும்.

மாலையில் அட்டைப்பெட்டியைத் தராசில் வைத்தான்.
பதினான்கு கிலோ.
சுழன்று, உறிஞ்சி, திறந்து, மூடி,
முடித்துவைக்க ஒரு வினையில்லாத
வினையெச்சங்கள்.

ஓடியது. எப்படி ஓடியது!
தேன்கூட்டை யாரோ எட்டி உதைத்தது போல
கடற்கரைச் சாலை முழுக்க ஒரே இரைச்சல்.
தவளைகள்கூடச் சற்று நிறுத்திவிட்டுத்தான் தொடர்ந்தன.

செப்டம்பரில் புயல்.
எலியுத் மின்கம்பி இழுப்பவன்,
மலைப்பக்கம் போனவன் ஆறு வாரம் திரும்பவில்லை.
தங்கை நெரெய்தாவின் கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது.
ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரவுப்பணி.
சாவி ஆணியில் தொங்கியது.

நிதானமாய் ஓட்டுகிறவள்.
எண்பதைத் தாண்டியதில்லை.
டயரில் காற்றுப் பார்த்தாள்,
ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாள்,
எட்டு முறை டேங்க் நிரப்பி
எட்டு ரசீதையும் அண்ணனுக்காகப் பத்திரப்படுத்தினாள்.

திரும்பி வந்தவன் சாவியைத் திருகினான்.
பிடிக்கவில்லை.
கேஜை மாட்டிச் சுழற்றிக் கேட்டான்.
தப் தப் தப் என்று வர வேண்டும்.
தப் தப்
...
தப் தப்
...
மூன்றாவது இடத்தில் வெறும் மூச்சு.

"எண்ணெய் ஊற்றினாயா?"
"எந்த எண்ணெய்?"

கத்துவதற்கு வாய் திறந்தான்.
திறந்த வாயை அடைக்க
தகடு எதுவும் தேவைப்படவில்லை.
யாரிடமும் எதுவும் சொல்லாமலே
தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு
அதன் இடத்தில் தன்னை மாட்டிக்கொண்டவன்
மலைக்குப் போகும்போது
ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நெரெய்தா பெட்டியை இழுத்துக் கிளறினாள்.
வால்வுகள், வளைந்த கம்பிகள்,
எதற்கென்று இருவருக்குமே தெரியாத ஒரு கறுப்பு டப்பா.
கடைசியில் உள்ளங்கை அளவில் ஒன்று.
"இதுவா?"
அவன் தலையசைத்தான்.
அதன் அச்சை இரண்டு விரலால் பிடித்து
ஊசி மருந்து ஏற்றும் பொறுமையோடு திருகினாள்.

நான்கு துளைகளில் ஒன்றிலிருந்து
இன்னும் ஒரு சொட்டு வந்தது.

அதை அவன் சட்டையில் துடைத்துவிட்டு
பஸ் பிடிக்கக் கிளம்பினாள்.